கோப்பையான சாமிகள்

விக்கிரக ஆராதனை கூடாதென்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டு திரிகின்ற நீங்கள், கண்ணை உருட்டிக்கொண்டும் பல்லைக் காட்டிக்கொண்டும் நிற்கின்ற பதினான்கு சாமி முகங்களை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பது என்ன நியாயம் என்பதாகச் சில தோழர்கள் நம்மைக் கேட்கின்றார்கள். வேறு சில தோழர்களோ இதற்கு நேர்மாறாக, எந்த ஜனங்களுடைய சாமியாயிருந்தாலும் அதன் மண்டையைக் குடைந்து, அதற்குள் சாராயத்தை ஊற்றிக் குடிப்பதற்கென்று செய்யப்பட்ட சாமானைச் சேர்த்து வைப்பது அந்த ஜனங்களைக் கேவலப்படுத்துவதாகாதா என்று கேட்கின்றார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லுவது சுலபம். இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமானதல்ல. ஆனதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றோம்.

இந்தக் கோப்பைகள் இன்னவென்று தெரியாத வாசகர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 'டிகி' என்ற பெயரால் ஒருவிதமான மதுக்கடைகள் உண்டு. மூங்கில் தட்டியும், ஓலைக் கூரையும், வலையும், மரச்சிலையுமாக ஜோடித்து, பசிபிக் சமுத்திரத் தீவு ஒன்றில் உட்கார்ந்திருப்பதாகக் குடிப்பவனை நம்பச் செய்வது அவற்றின் வேலை. அங்கே ரம்மும் பழரசமும் கலந்த பானங்களை ஊற்றிக் கொடுப்பதற்கென்று, தீவாருடைய மரச்சிலைகளின் மாதிரியில் சுட்ட மண் கோப்பைகள் ஏற்பட்டன. குடித்தவன் அதை ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போவான். கலிபோர்னியாப் பக்கம் உத்தியோகம் பார்க்கும் தோழர்கள் பழைய சாமான் கடைகளில் பார்த்து, வரும்போதெல்லாம் ஒன்று இரண்டாய் நமக்குக் கொண்டுவந்து கொடுத்ததில், பதினொரு வருஷங்களில் பதினான்கு சேர்ந்தன. ஒன்றுக்கொன்று ஜோடி கிடையாது. ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை. ஒன்றுக்குக் காது உடைந்திருக்கின்றது. ஒன்று சாமியே அல்ல, வெறும் மண்டையோடு.

இனி முதல் கேள்வி. விக்கிரகம் என்பது கல்லோ மண்ணோ மரமோ அல்ல. அதற்கு உயிர் உண்டென்று சொல்லி, அதற்குப் பசிக்குமென்று சொல்லி, அதன் பசிக்கு நம்மிடம் வசூல் செய்கின்றவன் ஒருவன் பக்கத்தில் நிற்கும்போதுதான் அது விக்கிரகமாகின்றது. அவன் இல்லாத இடத்தில் அது பொம்மை. நமது அலமாரியிலுள்ளவை எப்படிப் பிறந்தன என்பது நமக்குத் தெரியும். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பாலேடுபோல் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆப் பாரிஸினால் செய்த இரண்டு பாதி அச்சுக்களைச் சேர்த்துக் கட்டி, அதற்குள் வழிய வழிய ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அச்சின் உட்சுவரையொட்டிக் களிமண் ஒரு தோலாய்ப் படிகின்றது. தோல் வேண்டிய தடிப்பு வந்தவுடன் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட்டால், உள்ளே கூடாய், வெளியே முகமாய் ஒரு சாமி தயார். அச்சைப் பிரித்து, இரண்டு பாதியும் கூடிய இடத்தில் தெரிகின்ற தழும்பை ஈரப் பஞ்சினால் துடைத்து, உலர்த்தி, சூளையிலிட்டு, கண்ணாடிப் பூச்சு பூசி, மறுபடியும் சூளையிலிடுகிறார்கள். அவசரக்காரன் செய்த கோப்பையில் அந்தத் தழும்பு காதுக்குப் பின்னால் இன்றைக்கும் விரலுக்குத் தட்டுப்படும். சுயம்பு என்று சொல்லப்படுகின்ற எதையும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லுவோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. களிமண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்குகின்றது. மண்ணைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்குவரைகூடச் சுருங்கும். ஆகவே ஒருவன் பழைய அச்சு கிடைக்காமல், கடையில் வாங்கிய கோப்பையிலிருந்தே அச்செடுத்து நகல் செய்வானேயானால், அந்த நகல் மூலத்தைவிடச் சிறியதாகவே பிறக்கும். மூக்கும் பல்லும் மழுங்கியிருக்கும். நகலுக்கு நகலெடுத்தால் இன்னும் சிறியதாகும். போலிக் கோப்பையைக் கண்டுபிடிக்க விஷயந்தெரிந்தவர்கள் முதலில் எடுப்பது அளவுகோலைத்தான். சாமிக்குச் சாமி வேறொரு ஊரில் கிளை வைக்கும்போது மகிமை பெருகுகின்றதென்று சொல்லும் பக்தர்கள் இந்தக் குயவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தபடி, கோப்பையைத் தலைகீழாய்க் கவிழ்த்து அடிப்புறத்தை வாசிக்க வேண்டும். சேர்க்கின்ற காரியத்தில் உண்மையான பிரயோஜனம் இங்கேதான் இருக்கின்றது. நம்மிடமுள்ள மூன்றில் 'ஆர்கிட்ஸ் ஆப் ஹவாய்' என்று பொறித்திருக்கின்றது. அந்தக் கம்பெனி இருந்ததோ ஹவாயில் அல்ல, நியூயார்க்கில். மண்ணைச் சுட்டது அங்குமல்ல, ஜப்பானில். முகத்தின் ஜாடையோ மார்க்கேசாஸ் தீவுகளிலும் ஹவாயிலும் நியூசிலாந்திலும் கண்டவற்றைக் கலந்து கட்டியது. உள்ளே ஊற்றிய ரம் கரிபியன் தீவுகளின் கரும்பிலிருந்து வந்தது. அந்தக் கரும்பை முந்நூறு வருஷம் வளர்த்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகளும் அவர்கள் சந்ததியும். எந்தத் தீவாருடைய சிலை கோப்பையாயிற்றோ, அந்தப் பாலினேசிய ஜனங்களுக்கு வெள்ளைக்காரன் வருகின்ற வரையில் காய்ச்சி வடித்த சாராயமே தெரியாது. காவா என்னும் ஒரு வேரை அரைத்துக் கரைத்துக் குடித்துவந்தார்கள், அவ்வளவே. ஆக, சாமி ஒரு ஊர், பெயர் ஒரு ஊர், சூளை ஒரு ஊர், சாராயம் ஒரு ஊர், லாபம் வேறொரு ஊர். இத்தனையையும் ஒரு சாணுயரத்தில் காட்டக்கூடிய புஸ்தகம் வேறெது?

அன்றியும், ஒரே அச்சில் வார்த்த ஒரே முகத்தைப் பத்து ஓட்டல்காரர்கள் வாங்கி, அவரவர் கடைப் பெயரை அடியில் பொறித்துக்கொண்டார்கள். ஒரே சாமிக்கு ஊருக்கொரு பெயரும் பெயருக்கொரு மகாத்மியமும் ஏற்படுவது நாம் அறியாத சங்கதியல்ல.

மகாத்மியம் என்றவுடன் இந்தக் கடைகளைத் தொடங்கிய இருவரைச் சொல்லாமல் விடமுடியாது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் எடுபட்ட கையோடு, எர்னஸ்ட் காண்ட் என்பவர் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்காம்பர்' என்றொரு கடை வைத்தார். பிற்பாடு தன் பெயரையே டான் பீச் என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார். 1934-ல் ஓக்லண்டில் கடை வைத்த விக்டர் பெர்ஜரான் என்பவர் சில வருஷங்களில் அதற்கு 'டிரேடர் விக்ஸ்' என்று பெயர் சூட்டினார். இவருக்குச் சிறு பிராயத்திலேயே காசநோயினால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வாடிக்கைக்காரர்களிடம் அவர் சொல்லிவந்ததோ, சுறாமீன் கடித்துக்கொண்டு போய்விட்டதென்று! கேட்டவர்கள் நம்பினார்கள், நம்பாதவர்களும் ரசித்தார்கள், கடை வளர்ந்தது. புராணம் உண்டாவதற்கு ஆயிரம் வருஷம் வேண்டுமென்பார்கள்; ஒரு மரக்காலும் ஒரு மதுக்கடையும் இருந்தால் ஒரே தலைமுறையில் முடிந்துவிடும் போலிருக்கின்றது. 'மாய் டாய்' என்ற பானத்தை 1944-ல் தாமே உண்டாக்கியதாக விக் சொன்னதும், அது தமது பானத்தின் சாயல் என்று டான் சொன்னதும் ஒரு ஸ்தலபுராணச் சண்டை. அதற்குள் நாம் போக வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் தேங்காயோடும் மூங்கிலும் மண்டையோட்டுக் கோப்பையுமே இக்கடைகளில் இருந்தன. சாமி முகக் கோப்பை பெருகியது 1950-களின் பின்பாதியில்தான். 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் ஒரு மாகாணமாக்கப்பட்டபோது இந்தப் பித்து உச்சத்திலிருந்தது. எழுபதுகளில் மோகம் தணிந்து கடைகள் மூடப்பட்டன. கோப்பைகள் பரண்களுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அப்போது அவற்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கி வந்தவர்கள்தான் முதல் சேகரிப்பாளர்கள். 2000-ல் ஸ்வென் கிர்ஸ்டன் என்பவர் இதைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய புஸ்தகம் போட்டபிறகு பித்து மறுபடியும் கிளம்பிற்று.

இந்த இரண்டாவது பித்தைப் பற்றித்தான் நமக்கு ஒரு சண்டை இருக்கின்றது. இன்றைக்கு இத்தனைதான் வார்ப்போம், பிறகு அச்சை உடைத்துவிடுவோம் என்று சொல்லி, எண் போட்டு விற்கின்றார்கள். வாங்குகின்றவனோ முழு வரிசையும் வேண்டுமென்று கடன் வாங்கியாவது வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல், விரல் படாமல், இருட்டறையில் வைக்கின்றான். அவன் அந்தக் கோப்பையில் குடிப்பதுமில்லை, அதை வாசிப்பதுமில்லை. வருஷத்திற்கொரு முறை எடுத்துத் துடைத்து, கண்ணாரக் கண்டு, மறுபடியும் வைக்கின்றான். ஒரு துவாரமுள்ள மண் பாத்திரத்தைத் தீட்டுப்படாத வஸ்துவாக்கி, அதற்குக் கர்ப்பக்கிருகம் கட்டிவிட்டான் என்பதைத் தவிர வேறென்ன சொல்லுவது? பூசாரி இல்லாமலே பக்தன் உண்டாகக்கூடும் என்பதற்கு இவனைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைத்ததில்லை.

ஜோடியில்லாத சேகரிப்பில் இந்தக் கோளாறு இல்லை. ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு கோப்பை ஒரு கதையைப் பன்னிரண்டு தடவை சொல்லும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளின் வழியாக வந்த பன்னிரண்டு கோப்பையோ ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். உதாரணமாக, நம்மிடமுள்ள நீண்ட முகக் கோப்பையை விற்றவன் அதை 'டிகி சாமி' என்றே விற்றான். மற்றவற்றோடு வைத்துப் பார்த்தபோதுதான் ஜாடை வேறு என்று தெரிந்தது. அது ராப்பா நூயி என்கிற ஈஸ்டர் தீவின் மோவாய்ச் சிலை, டிகியுமல்ல, சாமியுமல்ல. அத்தீவார் தங்கள் முன்னோர்களின் நினைவாக எரிமலைக் கல்லில் செதுக்கி நிறுத்தியது. அந்தச் சிலைகளைச் செதுக்கிய ஜனங்களை 1862-ல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிகாரர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877-ல் தீவில் மிஞ்சியிருந்தவர்கள் 111 பேர். நூற்றுப் பதினொரு பேர்! இது அந்தக் கோப்பையின் அடியில் பொறித்திருக்கவில்லை.

இங்கே வந்துவிட்டபடியால் இரண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த ஜனங்களின் சாமியைக் கேலி செய்வது தகுமா? இதற்குப் பதில் சொல்லுமுன், அந்தச் சாமிகளை முதலில் கவிழ்த்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாதிரிகள் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். ஹவாயைப் பொறுத்தவரை அது பொய்.

ஹவாயில் 'கப்பு' என்றொரு ஆசாரக்கட்டு இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. இருவர் உணவும் ஒரே அடுப்பில் வேகக்கூடாது. பன்றியிறைச்சி, வாழைப்பழம், தேங்காய், சிலவகை மீன்கள் பெண்களுக்கு ஆகாது. மீறினால் மரண தண்டனை வரையில் உண்டு. ஒரு பெண் வாழைப்பழம் தின்றால் கோபித்துக்கொள்ளக்கூடிய கடவுள் எவ்வளவு சில்லறையான கடவுள் என்று யோசித்துப் பாருங்கள்! ஆனால் வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு, பெண்கள் பலர் கப்பலேறிப்போய், மாலுமிகளோடு உட்கார்ந்து விலக்கப்பட்டதையெல்லாம் தின்றுவிட்டு, சுகமாய்க் கரைக்குத் திரும்பினார்கள். கடல் பொங்கவில்லை, மலை வெடிக்கவில்லை. நாற்பது வருஷம் இந்தப் பரிசோதனை சத்தமில்லாமல் நடந்தது.

1819 மே மாதத்தில் முதலாம் கமேஹமேஹா அரசன் இறந்துபோனான். அவன் மனைவியரில் அதிகாரமுடையவளான கஅஹூமனூவும், பட்டத்திற்கு வந்த லிஹோலிஹோவின் தாயான கேயோபுவோலானியும் கப்புவை ஒழிப்பதென்று தீர்மானித்தார்கள். முதலில் தாய் தன் இளைய மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவ்வருஷக் கடைசியில் கைலுவா என்ற ஊரில் விருந்து வைத்து, ஆண்களுக்கொரு பந்தி, பெண்களுக்கொரு பந்தியாகப் போட்டிருந்தபோது, வாலிப அரசன் லிஹோலிஹோ எழுந்துபோய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து தின்றான். கூடியிருந்தவர்கள் கட்டு உடைந்தது என்று கூவினார்கள். உடனே கோயில்களை இடிக்கவும் சிலைகளைக் கொளுத்தவும் உத்தரவாயிற்று. முதல் தீயை வைத்தவர்களில் ஒருவன் யாரென்றால், ஹெவஹெவ என்கிற பிரதான பூசாரியே! எதிர்த்துப் படை திரட்டிய கெக்குவாவோகலானி என்ற அரச குடும்பத்தானும், அவனோடு நின்று போர் செய்த அவன் மனைவி மனோனோவும் டிசம்பரில் குவாமோ போரில் மாண்டார்கள். பாதிரிகளின் கப்பல் வந்து சேர்ந்தது 1820-ல். அவர்கள் வந்தபோது இடிப்பதற்குக் கோயில் பாக்கியில்லை.

இதில் அதிகார ஆசையும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கஅஹூமனூ ஆட்சியில் பங்கு கேட்டவள். பூசாரிகளின் கட்டு இருக்கும்வரை ஒரு பெண் ஆலோசனைச் சபையில் சமமாய் உட்கார முடியாது. தன் உரிமைக்குத் தடையாயிருந்ததை அவள் தள்ளினாள். அதுவே நமக்குப் போதுமான காரணமாய்த் தோன்றுகின்றது. வருந்தத்தக்கது பின்னால் நடந்தது. அதே கஅஹூமனூ 1825-ல் ஞானஸ்நானம் பெற்று, 1830-ல் ஜனங்களின் ஹூலா நடனத்தையே பொதுவில் ஆடக்கூடாதென்று தடை செய்தாள். காலியான பீடத்தில் வேறொருவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

பாதிரிகளின் வாரிசுகளும் கரும்புத் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து 1893-ல் அந்நாட்டு ராணியைக் கவிழ்த்தார்கள். 1898-ல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நிலம் போயிற்று, ராஜ்யம் போயிற்று. பள்ளிக்கூடங்களில் அவர்கள் பாஷையும் போயிற்று. அதற்கப்புறம் அறுபது வருஷம் கழித்து, கொளுத்தப்பட்ட சிலையின் முகம் ஜப்பானில் வார்க்கப்பட்டு, ரம் ஊற்றிக் கொடுக்கப்பட்டது. பசிபிக்கிலுள்ள பிக்கினித் தீவு ஜனங்களை 1946-ல் வெளியேற்றிவிட்டு அங்கே அமெரிக்கா அணுகுண்டு வெடித்துப் பார்த்ததும், அமெரிக்க நகரங்களில் தீவு வேஷம் போட்ட கடைகள் பெருகியதும் ஏறக்குறைய ஒரே காலம்.

ஆகவே நாம் சொல்லுவது இது. கட்டினால் வதைபட்டவள் அந்தக் கட்டின் சாமியைத் தீயிலிட்டாளேயானால், அவள் கையை நாம் வணங்காமலே பாராட்டுவோம். அவள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் அதே சாமியின் மண்டையில் ரம் குடித்துச் சிரித்தானேயானால், அதைப் பகுத்தறிவு என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அவன் தன் கோயிலின் முகத்தைக் கோப்பையாக்கிக் குடித்திருந்தால் அவன் தைரியத்தை மெச்சியிருப்போம். அந்தக் கடைகளில் எதிலும் சிலுவை வடிவில் கோப்பை கிடைத்ததாக நாம் கண்டதில்லை.

இதனால் அந்தச் சிலைகளை மறுபடியும் கும்பிட வேண்டுமென்பதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ளக்கூடாது. கோயில்களில் நின்ற கூ என்னும் தேவதையின் பெரிய மரச்சிலைகளில் தப்பியவை மூன்றே. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஒன்று அமெரிக்காவில் சேலம் நகரத்து மியூசியத்தில் — நமது சேலமல்ல — ஒன்று ஹொனலூலுவின் பிஷப் மியூசியத்தில் இருக்கின்றன. 2010-ல் மூன்றையும் ஹொனலூலுவில் ஒன்றாய் நிறுத்திக் காட்டினார்கள். தங்கள் பாட்டன்மார் இரும்புக் கருவி அதிகமில்லாத காலத்தில் ஒரு மரத்தில் இவ்வளவு வேலை செய்தார்கள் என்று பேரன்மார் வந்து பார்ப்பது நியாயம். அதில் கப்புவும் இல்லை, வாழைப்பழத் தடையும் இல்லை. ருருட்டு தீவார் 1821-ல் பாதிரிகளிடம் ஒப்படைத்த 'ஆஆ' என்ற சிலையும் லண்டனில்தான் இருக்கின்றது. அதன் முதுகில் ஒரு மூடி, உள்ளே கூடு, அதற்குள் பல குட்டிச் சிலைகள் இருந்தன. பாதிரிமார் அதைக் கொளுத்தாமல், ஜெயித்ததற்கு அடையாளமாகச் சீமையில் காட்சிக்கு வைத்தார்கள். வெற்றிக்கு அடையாளமாய் அலமாரியில் வைப்பதும் ஒருவகைக் கோப்பைதான்.

அப்படியானால் உங்கள் பதினான்கையும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கலாம். வைத்துக்கொள்ளத்தான் போகிறோம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கின்றோம்: எந்தத் தீவின் ஜாடை, எந்தக் கம்பெனி, எந்த ஊர்ச் சூளை என்று தெரிந்த அளவுக்கு. மோவாய்க்குக் கீழே 111 என்ற எண் இருக்கின்றது. சேர்க்க விரும்பும் தோழர்களுக்கும் இதையே சொல்லுவோம். ஒவ்வொன்றாய், மலிவாய், உடைந்த காதோடு கிடைத்தாலும் வாங்குங்கள். முழு வரிசையைத் தேடாதீர்கள். இது அதிர்ஷ்டம் கொடுக்கும் ஆதிகாலத்துச் சாமி என்று விற்பவன் சொன்னால், அடிப்புறத்தைத் திருப்பி 'ஜப்பான்' என்பதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள், விலை குறையும். இன்றைக்குத் தீவாரில் தாங்களே மண்ணிலும் மரத்திலும் வேலை செய்து விற்பவர்கள் இருக்கின்றார்கள். அவர்களிடம் வாங்கினால் காசு போக வேண்டிய இடத்திற்குப் போகும்.

குடிப்பதைப் பற்றி ஒன்று. பூச்சில் ஈயம் கலந்திருந்து சரியாய் வேகாமலும் இருந்தால், எலுமிச்சை ரசம் போன்ற புளிப்பு அதைக் கரைத்து வயிற்றுக்கு அனுப்பும். பழைய கோப்பையின் பூச்சில் என்ன இருக்கின்றதென்று பார்வையில் தெரியாது. ஆனதால் நம்மிடமுள்ள பழையவற்றில் பேனாவும் பென்சிலும் நிற்கின்றன. புதிதாய் வந்த ஒன்றில் மட்டும் மத்தியானம் மோர் குடிக்கின்றோம்.